கூலிங் குறையட்டும்

மதுரையில் பீர் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கூலிங் இருக்கிறதா?’ என்பதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. என்ன பெயர், எந்த ஊரில் செய்தது, எப்போது அடைத்தது என்பதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. கூலிங் இருந்தால் கொடுத்ததை வாங்கிக்கொள்வோம். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடையைப் பார்ப்போம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பங்குனி பிறந்துவிட்டால் இந்த ஊரில் வேறு எப்படியும் இருக்க முடியாது. ஆனால் அளவு மீறிய குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. வாசனை மேலே எழுவதில்லை, இனிப்பு மங்கிவிடுகிறது, நல்லது எது, சுமார் எது என்று பிரித்தறியவே வழியில்லாமல் போகிறது. சுமாராகச் செய்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

என் தங்கையின் கணவர் பெல்ஜியத்தில், கென்ட் நகரத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வரும். இந்த முறை கொழும்பு வழியாக மதுரை வந்து இறங்கியவர் பெட்டியைத் திறந்தபோது, துண்டுகளில் சுற்றிய பாட்டில்கள் மூன்று வெளியே வந்தன. “ஃபிரிட்ஜில் வைக்கலாம் மச்சான், ஆனால் குடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்” என்றார் மாப்பிள்ளை. மதுரையில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லக்கூடிய பேச்சா இது?

அவற்றில் ஒரு பெரிய பாட்டில் ரோடன்பாக் கிராண்ட் க்ரூ. பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள ரூசலாரே நகரத்துச் சரக்கு. ஓக் மரத் தொட்டிகளில் ஊறிப் புளித்த சிவப்பு பீர். 1821இல் ரோடன்பாக் குடும்பத்துச் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய ஆலை அது. அவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். பெல்ஜியம் தனி நாடாகப் பிரிந்த 1830இல், புதிய அரசமைப்பை எழுதிய தேசியப் பேரவையில் உறுப்பினராக இருந்தார். மது ஆலையும் அரசியலும் ஒரே வீட்டில் குடியிருப்பது தமிழ் வாசகர்களுக்கு ஒன்றும் வியப்பாக இருக்காது. அதனால் மேலே செல்கிறேன்.

இந்த பீரில் இரண்டு கலந்திருக்கின்றன. ஒரு பங்கு இளசு, அண்மையில் செய்தது. இரண்டு பங்கு முதிர்ந்தது, ஓக் தொட்டியில் இரண்டு ஆண்டு கிடந்தது. ஆல்கஹால் 6 சதவீதம்தான். நம் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதை எலுமிச்சைச் சாறு வரிசையில் வைத்துவிடுவார்கள். போதைக்காகக் குடிக்கிற ஆளுக்கு இதில் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துத் தரை சூடு ஆறியபின் உட்கார்ந்தோம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் என்று மாப்பிள்ளை பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் பூட்டிக் கிடந்த கண்ணாடிக் கோப்பைகள் இறங்கி வந்தன. கார்க் மெதுவாகப் பெருமூச்சு விட்டபடி வெளியே வந்தது. ஊற்றும்போது வெளிறிய பழுப்பில் நுரை எழுந்தது. நம் பீர் போல நின்று கொலுவிருக்கவில்லை, சீக்கிரமே ஓரங்களில் ஒரு வளையமாகச் சுருங்கிவிட்டது. விளக்கில் தூக்கிப் பார்த்தால் பழுப்புக்குள் சிவப்பு தெரிந்தது. இந்தச் சிவப்பை மரம் கொடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, கொடுத்த நிறம் அது.

முதல் மிடறு குளிர்ச்சியாகவே இருந்தது, மாப்பிள்ளை சொன்னதை நான் கேட்டால்தானே. புளிப்பு நேராக நாக்கின் இரு ஓரங்களிலும் ஏறியது. தாடைக்கும் காதுக்கும் நடுவில் அந்தச் சுரீர். வாயில் நீர் ஊறியது. கசப்பு கிட்டத்தட்ட இல்லை. ‘புளித்த பீர்’ என்று கேள்விப்பட்டபோது கெட்டுப்போன ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இதில் கெட்ட தன்மை எதுவும் இல்லை. மாறாக, ஒழுங்கான, நிமிர்ந்த புளிப்பு. அந்தக் குளிரில் வேறு எதுவும் தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

மீண்டும் எடுத்தபோது அது வேறு பானமாகியிருந்தது. மதுரை வெயில் எனக்குச் செய்த ஒரே உபகாரம் என்று இதைத்தான் சொல்வேன். பெல்ஜியத்தில் கையால் பொத்திப் பொத்திச் சூடாக்க வேண்டிய கோப்பையை இங்கே சும்மா வைத்தாலே போதும். முதலில் பழ வாசனை வந்தது. பீர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் செர்ரி என்று எழுதுவார்கள். நமக்குத் தெரிந்த செர்ரி பேக்கரி கேக்கின் தலையில் உட்கார்ந்திருப்பது. அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். ஆனால் அந்தக் களாவையே பழமாகத் தின்றிருந்தால் இந்த பீரின் நடுப்பகுதி உடனே பிடிபடும். அழகர்கோவில் அடிவாரத்தில் கூடையில் வைத்து விற்பார்கள். கறுத்த தோல், சிவந்த சாறு, புளிப்பு, பின்னாலேயே ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு வரைக்கும் பொருந்தி வந்தது. அதன் பின்னால் கருகத் தொடங்கும் சர்க்கரையின் வாசனை. அதற்கும் பின்னால், மூக்கை நன்றாக உள்ளே விட்டால், வினிகர். வினிகர் என்றதும் பயப்பட வேண்டாம். அது முன்னால் வந்து நிற்கவில்லை, பின்வரிசையில்தான் இருந்தது. முன்வரிசைக்கு வந்திருந்தால் கோப்பையை ஊறுகாய் ஜாடியில்தான் கவிழ்த்திருப்பேன்.

கடைசியாக ஒன்று வந்தது, அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, ஈரமும் தோலும் வைக்கோலும் கலந்த ஒரு வாடை, அது. ஐரோப்பியர்கள் இதைக் குதிரைப் போர்வை வாசனை என்கிறார்கள். குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் மட்டுமே பார்த்த எனக்கு அந்த ஒப்பீடு உதவவில்லை. இதைச் செய்வது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டே கிளாசன் இதை உலகுக்கு அறிவித்தார். அவர் தேடிப்போனது பெல்ஜிய பீரை அல்ல. தொட்டியில் நெடுநாள் ஊறிய இங்கிலாந்து பீர்களுக்கு மட்டும் தனிச்சுவை ஏன் வருகிறது என்பதே அவர் ஆராய்ந்தது. சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரைகளை இது பல மாதம் உட்கார்ந்து தின்னும். அவசரமே கிடையாது.

இங்கிலாந்து இந்தக் கதைக்குள் வருவது தற்செயல் அல்ல. பீரை மரத் தொட்டியில் முதிரவைத்து இளசோடு கலக்கும் வேலையை ரோடன்பாக் குடும்பத்தின் யூஜின் 19ஆம் நூற்றாண்டில் அங்கே போய்க் கற்று வந்தார் என்றுதான் அந்த ஆலையின் வரலாறு சொல்கிறது. அப்போது லண்டனில் கறுப்பு பீரை வீடு அளவுக்குப் பெரிய தொட்டிகளில் ஊறவைப்பார்கள். யாருடைய தொட்டி பெரிது என்று போட்டியே இருந்தது. 1814 அக்டோபர் 17 அன்று அப்படி ஒரு தொட்டி வெடித்துத் தெருவில் பீர் வெள்ளம் புரண்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் பிறகு அந்தப் பழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். ரூசலாரேயில் விடவில்லை. இன்றைக்கும் அங்கே 294 தொட்டிகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஃபூடர் என்பது அவற்றின் பெயர். சிலவற்றின் வயது 150ஐத் தாண்டும்.

நூற்றைம்பது வயதுத் தொட்டியில் மரச்சுவை மிச்சம் இருக்குமா? இருக்காது. இங்கேதான் விஸ்கி குடிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். உள்ளே கரியாக்கிய புது ஓக் பீப்பாயிலிருந்து வெனிலாவும் தேங்காயும் இறங்கி வருமே, அதை இதிலும் தேடுகிறார்கள். என் கோப்பையில் அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. கிழட்டுத் தொட்டியின் வேலை இரண்டுதான். ஒன்று, மரத்தின் நுண்துளைகளில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடியிருக்க இடம் கொடுப்பது. அடுத்தது, வெளிக்காற்றைத் துளித்துளியாக உள்ளே விடுவது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா மாடியேறி வந்தார். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்போடு வளர்ந்தவர். 1987இல் கள் தடைசெய்யப்படும் வரை தோப்பில் கள் இறங்கியதை அன்றாடம் பார்த்தவர், பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவரும் அல்ல. கோப்பையை வாங்கி, குடிக்காமல், நெடுநேரம் முகர்ந்தார். பிறகு ஒரு வாய். “எப்போது இறக்கியது?” என்று கேட்டார்.

“இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரியப்பா.”

அவர் என்னை நம்பவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையாட்டியதும் இன்னொரு வாய் குடித்தார். “காலையில் இறக்கியதைச் சாயங்காலம் வரை போட்டுவைத்தால் இந்த வாடை வரும். ஆனால் அதற்குள் குடிக்க முடியாத கடுப்பாகிவிடும். இது கடுக்கவில்லையே” என்றார்.

இந்த பீரைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். யாரும் ஈஸ்ட் என்று எதையும் எடுத்துப் போடுவதில்லை. பழைய கலயத்தின் மண்ணில் முந்தைய நாளின் மிச்சம் உயிரோடு இருக்கும், புதுச் சாறு விழுந்ததும் அது வேலையைத் தொடங்கிவிடும். ரூசலாரேயின் தொட்டி ஒரு மரக் கலயம், அவ்வளவுதான். அங்கேயும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் அசிட்டிக் பாக்டீரியாவும், இங்கேயும் கிட்டத்தட்ட அதே கூட்டம். வேறுபாடு காற்றிலும் வெப்பத்திலும் இருக்கிறது. கலயத்தின் வாய் திறந்தது. நம் வெப்பத்தில் மணிக்கணக்கில் சர்க்கரை ஆல்கஹாலாகிவிடும், அதற்காகவே காத்திருந்ததுபோல் அசிட்டிக் பாக்டீரியா காற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஆல்கஹாலைக் காடியாக்க, அதாவது வினிகராக்கத் தொடங்கிவிடும். கள் குடிப்பவர் எப்போதும் கடிகாரத்தோடு ஓடவேண்டியிருப்பது இதனால்தான். மரத் தொட்டியிலோ காற்று கசிந்துதான் வரும். தொட்டி பெரிதாகப் பெரிதாக, உள்ளிருக்கும் பீரின் அளவுக்கு மரத்தின் பரப்பு குறைவு, எனவே காற்றும் குறைவு. காற்றில்லாமலேயே பிழைக்கும் லாக்டிக் பாக்டீரியா சாவகாசமாகப் பெருகும், காற்று வேண்டிய அசிட்டிக் பாக்டீரியா அரைப்பட்டினியில் கிடக்கும். லாக்டிக் அமிலம் நம் மோரின் புளிப்பு, மெத்தென்றிருக்கும். அசிட்டிக் அமிலம் காடியின் புளிப்பு, குத்தும். முன்னது ஓங்கிப் பின்னது அடங்கியிருப்பதைத்தான் பெரியப்பா ‘கடுக்கவில்லை’ என்றார். சின்ன பீப்பாய்களில் ஊறவைக்கும் புளித்த பீர்களில் வினிகர் தூக்கலாக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

புளிப்பு நமக்குப் புதிதில்லை. நீராகாரம், புளித்த மோர், மறுநாள் தோசை மாவு, புளிக்குழம்பு என்று காலையிலிருந்து இரவு வரை புளிப்பிலேயே வாழ்கிறவர்கள் நாம். லாகர் என்ற புளிப்பில்லாத வழக்கமான பீரை மட்டுமே குடித்து வளர்ந்த ஒரு ஜெர்மானியர் இந்த பீரைக் கண்டு முகம் சுளிக்கலாம். மதுரைக்காரருக்கு அதற்கு உரிமையில்லை. நமக்கு அந்நியமானது இதில் இருக்கும் காலம்தான். நம் புளிப்பெல்லாம் ஓர் இரவுக்கணக்கு. விட்டால் அழுகிவிடும் என்ற அவசரம் அதன் கூடவே இருக்கும். ஒன்றைப் புளிக்கவிட்டு, இரண்டு ஆண்டு கதவைச் சாத்திவிட்டு, அதற்கும் மேலே, புளித்தது போதுமா என்று தொட்டி தொட்டியாகச் சுவைத்துப் பார்த்துக் கலக்கும் ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கும் பொறுமை, இந்த வெப்பத்தில் வாய்க்காது. கலப்பவர் கைதான் இதில் எல்லாம். ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு விதமாகப் புளித்திருக்கும், முதிர்ந்த பீரைத் தனியாகக் குடித்தால் அது கடுமையாகத்தான் இருக்கும். இளசு அதன் மூர்க்கத்தைத் தணிக்கிறது, அந்த அளவை நாக்குதான் முடிவு செய்கிறது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் வீட்டில் ஒரே சண்டை. மட்டன் சுக்கா இருந்தது, அதுவே வென்றது. மிளகும் வெங்காயமும் கொழுப்பும் சுருண்டு கிடக்கும் ஒரு துண்டைத் தின்றுவிட்டு ஒரு வாய் பீர் குடித்தால், நாக்கில் படிந்த கொழுப்பு துடைத்தெடுத்தாற்போல் போய்விடுகிறது, அடுத்த துண்டுக்குக் கை தானாக நீள்கிறது. இது ஆபத்தான ஜோடி. கோலா உருண்டை இரண்டாவது இடம், அதில் கிராம்பும் பட்டையும் சற்று அடக்கமாக இருந்திருந்தால் முதலிடமே கிடைத்திருக்கும். பச்சை மிளகாய் தூக்கலான எதுவும் வேண்டாம். வாயு நுரைக்கும் பானமும் ஆல்கஹாலும் சேர்ந்து காரத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

எதிர்பாராத பாடம் அயிரை மீன் குழம்பில் கிடைத்தது. புளிக்குப் புளி ஒத்துவராது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டுக் குடித்தபோது பீரின் புளிப்பு பாதியாகக் குறைந்து, அதுவரை ஒளிந்திருந்த மால்ட்டின் இனிப்பு வெளியே வந்தது. நாக்கு ஏற்கெனவே புளியம்பழப் புளிப்புக்குப் பழகியிருந்ததால், அடுத்து வந்த புளிப்பு அதற்கு உறைக்கவில்லை. இதற்கு நேர் எதிரானதை என் மகன் நிரூபித்தான். வயது வந்த பிள்ளை, கவலை வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைத் தின்ற வாயோடு வந்து ஒரு மிடறு குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, “இதற்கா பெட்டியில் இடம் அடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் மாப்பிள்ளை, அந்த இடத்தில் இன்னும் நான்கு சாக்லேட் வைத்திருக்கலாமே” என்றார்.

மற்றொரு பெரிய பாட்டில் அதே வட்டாரத்தில், வேறோர் ஆலையில் செய்தது. பெயர் வேண்டாம், ஏனென்றால் எனக்குப் பிடிக்கவில்லை, என் தங்கைக்கோ அதுதான் பிடித்தது. அதிலும் ஓக் உண்டு, புளிப்பும் உண்டு, ஆனால் மேலே ஒரு கனத்த இனிப்பைப் போர்த்தியிருக்கிறார்கள். முதல் வாய்க்கு இனிமை, மூன்றாவது வாய்க்குத் திகட்டல். புளிப்புக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இனிப்பைச் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. புளியோதரையில் வெல்லம் போடுவதைப் பற்றியும் எங்கள் வீட்டில் இதே இரண்டு கட்சிகள்தான் நெடுங்காலமாக இருக்கின்றன, அணிகளும் மாறவில்லை.

இப்படி ஒரு பாட்டில் உங்கள் கைக்கு வந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமாவது வெளியே வையுங்கள். வாய் அகன்ற கண்ணாடிக் கோப்பையில் பாதியளவு மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் போட வருகிறவர் கையைத் தட்டிவிடுங்கள். முதல் வாயை வைத்து முடிவுக்கு வராதீர்கள், நாக்கு அதிர்ச்சியிலிருந்து மீள ஒரு வாய் தேவைப்படும்.

மூன்றாவதாக வந்த சின்ன பாட்டில் கூஸ் என்ற இன்னொரு புளித்த பீர். பிரஸ்ஸல்ஸ் பக்கம் சென் நதிப் பள்ளத்தாக்கில் செய்வது. அதற்கு ஈஸ்ட் சேர்ப்பதே கிடையாது. காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் பரப்பி இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். காற்றில் வருவதும் கூரையில் இருப்பதும் அதில் இறங்கும், அதன்பின் மர பீப்பாய்க்குப் போகும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு ஊறியவற்றைக் கலந்து அடைப்பது கூஸ். கோடையில் கெட்ட கிருமிகள் பெருகிவிடும் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, குளிர்காலத்தில்தான் காய்ச்சுவார்கள். அந்தக் கணக்குப்படி மதுரையில் மார்கழி மாதம்கூடத் தேறாது. பெரியப்பாவும் நானும் அதை ஆளுக்குச் சில வாய் மட்டுமே பகிர்ந்துகொண்டோம். எலுமிச்சைத் தோல், ஈர வைக்கோல், துளி இனிப்பும் இல்லாத வறண்ட புளிப்பு என்பதற்கு மேல் எழுதும் அளவுக்கு மிஞ்சவில்லை.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று மாப்பிள்ளைக்குப் பட்டியல் போய்விட்டது. சுங்க வரி கட்டாமல் ஒரு பயணி கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். கூஸ் 750 மில்லிலிட்டரில் இரண்டு, 375இல் ஒன்று, ஆக 1,875. மீதமிருக்கும் 125 மில்லிலிட்டரை அவர் தன் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.